பழைய வீடியோ மிக்சர், பிக்சர் டியூப் டிவி வைத்து மேடையில் நேரடிக் காட்சி: டிவியில் வருவது புரொஜெக்டரில் ஏன் வருவதில்லை?

கோடு625
மேடை இசைக்கு நேரடிக் காட்சி ஓட்ட ஒரு செட்டப். இருப்பவை: 12 வோல்ட்டில் ஓடும் அனலாக் சிசிடிவி கேமரா இரண்டு, விஎச்எஸ் பிளேயர் ஒன்று, பானசோனிக் டபிள்யூஜே-எம்எக்ஸ்50 மிக்சர், ஏவி இன்புட் உள்ள 14 அங்குல பிக்சர் டியூப் டிவி. கடைசியில் காம்போசிட்டை (ஒரே கம்பியில் வரும் அனலாக் வீடியோவை) எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி, அதற்குப் பிறகு புரொஜெக்டர். எல்லாமே பால் முறை (இந்திய, ஐரோப்பிய அனலாக் டிவி தரம்).

இரண்டு கேமராவையும் 1 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வழியாக நேராகக் கலந்து டிவிக்குக் கொடுத்தால் படம் கிழிந்து, சாய்ந்து, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி அருமையாக வருகிறது. அதையே பெட்டி வழியாகப் புரொஜெக்டருக்குக் கொடுத்தால் பாதி நேரம் நீலத்திரை. மூன்று கேள்விகள்:

1. நீலத்திரையைத் தவிர்ப்பது எப்படி?
2. பாட் நடுவில் இருக்கும்போது படம் இருண்டுபோகிறதே, ஏன்?
3. டிவியைத் திறந்து யோக்கில் (டியூபின் கழுத்தில் கற்றையைத் திருப்பும் சுருளில்) ஆடியோ கொடுக்கலாமா?

படக்குழல்
மூன்றாவது கேள்விக்கு முதல் பதில்: இந்த இழை முடியும்வரை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு வருவோம். காம்போசிட் சிக்னல் மொத்தம் 1 வோல்ட். அதில் மேலே இருக்கும் 0.7 வோல்ட் படம், கீழே இருக்கும் 0.3 வோல்ட் சிங்க், அதாவது வரியும் படமும் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் துடிப்பு. பாலில் ஒரு வரி 64 மைக்ரோ செகண்ட். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 4.7 மைக்ரோ செகண்ட் அகலத்தில் ஒரு சிங்க் பள்ளம். இரண்டு கேமராவுக்கும் தனித்தனி கிரிஸ்டல். இரண்டும் 15,625 ஹெர்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டாலும் துல்லியமாக ஒன்றல்ல. அதனால் ஒன்றின் சிங்க், மற்றொன்றின் படத்துக்குக் குறுக்கே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்க்கும் வழுக்கல் அதுதான்.

எலக்ட்ரான் கற்றையைத் திரையில் ஓட்டும் டிவியின் டிஃப்ளெக்‌ஷன் ஒரு ஆஸிலேட்டர். சிங்க் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும், வராவிட்டாலும் தன்பாட்டுக்குச் சுற்றும். திரையில் எப்போதும் ஏதோ ஒன்று இருக்கும். எச்டிஎம்ஐ பெட்டி அப்படியில்லை. உள்ளே இருக்கும் டிகோடர் சிங்க்கை எண்ணிச் சரிபார்க்கிறது. எண்ணிக்கை தவறினால் 'சிக்னல் இல்லை' என்று முடிவு செய்து நீலத்தையோ உறைந்த ஃப்ரேமையோ காட்டுகிறது.

ஆகவே விதி இதுதான்: பாதையின் தொடக்கத்தில் சிங்க்கை எவ்வளவு வேண்டுமானாலும் உடையுங்கள், கடைசியில், பெட்டிக்குச் சற்று முன்னால், அதைத் திரும்பக் கட்டிக் கொடுங்கள். உங்கள் எம்எக்ஸ்50-இல் இரண்டு பஸ்ஸுக்கும் (இன்புட் பாதைக்கும்) டிஜிட்டல் சிங்க்ரோனைசர் இருக்கிறது. பாட் கலவையை நேராகப் பெட்டிக்குக் கொடுக்காமல் மிக்சரின் ஒரு இன்புட்டுக்குக் கொடுங்கள். வரும் குப்பையை அது மெமரியில் எழுதிக்கொண்டு, தன் சொந்த சிங்க்கோடு வெளியே அனுப்பும். கிழிசல் படத்தின் பகுதியாகிவிடும், சிங்க் ஒழுங்காக இருக்கும்.

ஓம்_விதி
இரண்டாவது கேள்வி கணக்கு சார்ந்தது.

ஒவ்வொரு கேமரா அவுட்புட்டையும் 75 ஓம் தொடரில் உள்ள 2 வோல்ட் மூலமாக எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் 75 ஓம் லோடு இருக்கும்போது அது 1 வோல்ட் ஆகிறது. பாட்டின் இரு முனையில் இரண்டு கேமரா, நடுக்காலில் அவுட்புட், அதன் எதிரில் டிவியின் 75 ஓம். நேர்கோட்டு பாட் என்று வைத்துக்கொண்டால்:

1 கிலோ ஓம்: நடுவில் ஒவ்வொரு கேமராவும் 0.21 வோல்ட்தான். ஓரத்தில் ஒன்று 0.97, மற்றது 0.07.
470 அல்லது 500 ஓம்: நடுவில் சுமார் 0.32. ஓரத்தில் 0.94, மற்றது 0.12.
100 ஓம்: நடுவில் 0.55. ஆனால் ஓரத்திலும் ஒன்று 0.82, மற்றது 0.35. எந்தக் கேமராவையும் முழுதாக ஒதுக்க முடியாது.

1 கிலோ ஓமில் நடுவே சிங்க் 0.06 வோல்ட்டுக்கு விழுகிறது. எந்தப் பெட்டியும் அதைப் பிடிக்காது. பாட்டை மட்டும் மாற்றி மேம்படுத்த வேண்டும் என்றால் 470 ஓம் நேர்கோட்டு பாட். மேலே 'பி' என்று எழுதியிருக்கும். 'ஏ' என்றால் லாக், அது வேண்டாம். மாற்றம் முழுவதும் ஒரு ஓரத்தில் போய்க் குவிந்துவிடும்.

கோடு625
நன்றி சார். மற்ற உதிரிப் பாகங்களும் வாங்கத் தயார் என்றால் சரியான வழி எது?

ஓம்_விதி
ஒவ்வொரு இன்புட்டையும் அதனிடத்திலேயே 75 ஓமில் முடியுங்கள். பிறகு 1 கிலோ ஓம் பாட். நடுக்கால் நேராக லோடுக்குப் போகாமல், உயர் இன்புட் மின்மறுப்புள்ள, 2 மடங்கு பெருக்கும் வீடியோ பஃபருக்குப் போக வேண்டும். பஃபர் அவுட்புட்டில் தொடராக ஒரு 75 ஓம். இப்படிச் செய்தால் நடுவில் இரண்டும் சரியாக 0.5 வோல்ட். ஓரத்தில் ஒன்று 0.96-க்கு மேல், மற்றது 0.04-க்குக் கீழ்.

டிஎச்எஸ்7314 போன்ற எஸ்டி வீடியோ ஆம்ப்ளிஃபயர் சிப் 6 டெசிபெல், அதாவது 2 மடங்கு பெருக்கத்தோடு வருகிறது. 5 வோல்ட் போதும், மூன்று சேனல் இருக்கிறது. சப்ளை காலுக்கு ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் படத்தில் மெல்லிய கோலம்போல் ஆஸிலேஷன் வரும். ஆடியோ ஆப்-ஆம்ப் எதையும் இங்கே போடாதீர்கள். நிறத்தைச் சுமக்கும் கலர் சப்கேரியர் 4.43 மெகாஹெர்ட்ஸ், அவற்றில் பல அந்த அலைவரிசையில் தளர்ந்துவிடும், நிறம் வெளுத்துவிடும்.

நிழல்கம்பி
எம்எக்ஸ்50 வழியாகத் திருப்பிக் கட்டுவது பற்றிப் படக்குழல் சொன்னது சரிதான், ஆனால் பலன் வேறு. டிவியில் கிழிசல் ஒரு வளைவாக, மேல்பக்கம் கொடியாகச் சாய்ந்து வருகிறது. அது ஆஸிலேட்டர் தடுமாறி மறுபடி பிடிக்கும்போது உண்டாகும் வளைவு. மிக்சர் மெமரியில் எழுதும்போது அந்த வளைவு வராது. படம் துண்டு துண்டாகக் குதிக்கும், ஃபீல்டு (ஒரு ஃப்ரேமின் ஒற்றை, இரட்டை வரிப் பாதிகள்) மாறிப்போகும், கறுப்பு வெள்ளை ஆகும். அதுவும் அழகுதான், ஆனால் கேட்டது அதுவல்ல.

டிவியில் தெரிவது அப்படியே வேண்டும் என்றால் டிவியைக் கேமராவால் எடுப்பது ஒன்றே வழி. எச்டிஎம்ஐ அவுட்புட் உள்ள எந்த நவீன கேமராவும் போதும். செட்டிங்:

ஷட்டர் 1/50, கேமரா 25 அல்லது 50 ஃப்ரேமில். பாலின் ஃபீல்டு 50 என்பதால் பட்டை தெரியாது. என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய முறை) என்றால் ஷட்டர் 1/60, ஃப்ரேம் 29.97 அல்லது 59.94. 1/100 வைத்தால் பாதித் திரை கறுப்பாகிவிடும்.
எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றும் கையால். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு வெளிச்ச மாற்றத்துக்கும் கேமரா குறுக்கே வந்து நிற்கும்.
வரிகளும் சென்சாரும் மோதி மோயிரே (அலையலையான கோலம்) வரும். ஃபோகஸை மயிரிழை தளர்த்துங்கள், போய்விடும்.
டிவிக்கும் லென்ஸுக்கும் இடையே கறுப்புத் துணிக் கூண்டு. மேடை விளக்கு கண்ணாடியில் விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

நடுவே நிற்கும் டிவி சிங்க் எவ்வளவு உடைந்தாலும் தாங்கிக்கொள்ளும். புரொஜெக்டருக்குப் போவது ஒழுங்கான எச்டிஎம்ஐ மட்டுமே. நீலத்திரை என்ற பேச்சுக்கே இடமில்லை.

படக்குழல்
ஒப்புக்கொள்கிறேன், வளைவு வேண்டுமானால் திரையை எடுப்பதே மேல். ஆனால் டிவியும் கேமராவும் மேடை அதிர்வில் ஆடினால் மொத்தப் படமும் ஆடும். இரண்டையும் ஒரே பலகையில் திருகி, பலகைக்குக் கீழே தடித்த ஸ்பாஞ்ச் வையுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளியே வையுங்கள். அதன் காந்தம் டிவிக்கு அருகில் இருந்தால் மூலையில் நிறத்திட்டு வரும்.

ஒளிச்சுழல்
கோடு625, உங்கள் கருவிகளில் மிகப் பெரிய சொத்து ஃபீட்பேக். அதை இன்னும் தொடவேயில்லை. இரண்டு வகை, இரண்டும் வேறு வேறு.

கேமரா ஃபீட்பேக்: சிசிடிவி கேமராவை டிவியைப் பார்க்க வைத்து, அதன் அவுட்புட்டை அதே டிவிக்குக் கொடுப்பது. கேமராவில் டிவி ஃப்ரேம் நிறைவதைவிடச் சற்றுச் சிறிதாகத் தெரிந்தால் படம் உள்நோக்கிச் சுரங்கமாக ஓடும். சற்றுப் பெரிதாக இருந்தால் வெளிநோக்கி வெடித்து விரியும். நடுவில், ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும் அந்தப் புள்ளியில்தான் உயிருள்ளதுபோல் அசையும் உருவங்கள் பிறக்கின்றன. கேமராவைச் சாய்த்தால் சுழல். 72 டிகிரி சாய்த்தால் ஐந்து கை, 60 என்றால் ஆறு, 90 என்றால் நான்கு. நுணுக்கமாகத் திருப்ப வேண்டியிருப்பதால் நல்ல முக்காலித் தலை அவசியம்.

பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டும்தான் இங்கே ஓட்டுநர் இருக்கை. ஒரு சுற்றின் மொத்தப் பெருக்கம் ஒன்றுக்குக் குறைந்தால் படம் தேய்ந்து இருளும், ஒன்றைத் தாண்டினால் வெள்ளையாகப் பூரிக்கும். கான்ட்ராஸ்ட்டை உயர்த்தி பிரைட்னஸைத் தாழ்த்துங்கள். எல்லை அங்கே கிடைக்கும். கேமராவில் ஏஜிசி (தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு), பேக்லைட் திருத்தம் இரண்டையும் அணையுங்கள். ஏஜிசி இயங்கினால் அது தானே பெருக்கத்தை மாற்றி, சில விநாடிக்கு ஒருமுறை துடிக்கவைக்கும். எதுவும் தொடங்காவிட்டால் லென்ஸுக்கு முன் விரலையோ டார்ச்சையோ ஒரு நொடி காட்டினால் போதும், விதை விழுந்துவிடும்.

மிக்சர் ஃபீட்பேக்: மிக்சரின் அவுட்புட்டை அதன் இன்னொரு இன்புட்டுக்கே திருப்புவது. மேலே லூமினன்ஸ் கீ (வெளிச்ச அளவைப் பார்த்து ஒரு படத்தின்மேல் இன்னொன்றை ஒட்டுவது) போட்டு, கீ அளவை மெல்ல நகர்த்துங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சிங்க்ரோனைசர் ஏறக்குறைய ஒரு ஃப்ரேம், அதாவது 40 மில்லி செகண்ட், தாமதம் சேர்ப்பதால் அசைவுக்குப் பின்னால் வால் நீளும். இதோடு மொசைக், நெகட்டிவ், பெயின்ட் எஃபெக்ட்களைச் சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது மறுபடி மறுபடி பதியும். நெகட்டிவ் போட்டால் ஒவ்வொரு ஃப்ரேமும் கறுப்பு வெள்ளையாக, வெள்ளை கறுப்பாக மாறிச் சிமிட்டும். பார்வையாளர்களில் வலிப்பு நோய் உள்ளவர்கள் இருக்கலாம். முழுத்திரைச் சிமிட்டலை நீடிக்கவிடாதீர்கள். முன்னறிவிப்புப் பலகையும் வையுங்கள்.

ஓம்_விதி
ஒளிச்சுழல் சொன்ன இரண்டாவது வகைக்கு ஒரு எச்சரிக்கை. அவுட்புட்டை இரண்டாகப் பிரிக்க ஒய் கேபிள் போடாதீர்கள். இரண்டு 75 ஓம் லோடு சேர்ந்தால் 1 வோல்ட் 0.67 ஆகிவிடும். மங்கும், சில பெட்டி சிங்க் விடும். மிக்சரின் பின்பக்கம் இரண்டாவது வீடியோ அவுட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரே சிக்னலைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூஷன் ஆம்ப்ளிஃபயர். தொழில்முறை மானிட்டரில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பிஎன்சி (முறுக்கிப் பூட்டும் வீடியோ சாக்கெட்) இருக்கும். பக்கத்தில் 75 ஓம் சுவிட்ச் இருந்தால் நடுவில் உள்ள மானிட்டரில் அதை அணைத்து, கடைசி மானிட்டரில் மட்டும் போடுங்கள். கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் படம் வெளுத்திருந்தால் எங்குமே 75 ஓம் இல்லை என்று பொருள்.

அலைவரி
ஆடியோவை யோக்குக்குக் கொடுப்பதற்கு முன்னால் வீடியோ கம்பிக்கே கொடுத்துப் பாருங்கள். டிவியைத் திறக்கவே வேண்டாம்.

ஹெட்ஃபோன் அவுட்புட், தொடரில் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், பிறகு 100 ஓம், அது போய் காம்போசிட் கேபிளின் நடுக்கம்பியில் சேர வேண்டும். கெபாசிட்டரின் பிளஸ் வீடியோ பக்கம். 1 வோல்ட் ஆடியோ, கம்பியில் சுமார் 0.27 வோல்ட்டாகச் சேரும். 10 மைக்ரோஃபாரட் போட்டால் 116 ஹெர்ட்ஸுக்குக் கீழே வலுவிழக்கும். பேஸ் வேலை செய்யவில்லை என்றால் காரணம் இதுதான். ஆடியோ அளவைப் பூஜ்யத்தில் தொடங்கி ஏற்றுங்கள். 0.3 வோல்ட்டை நெருங்கினால் சிங்க் பள்ளமே தூர்ந்து, படம் உருளும். வேண்டும்போது அதுவும் ஒரு எஃபெக்ட்.

எந்த ஒலி எந்த உருவம் என்பது எளிய கணக்கு. ஃபீல்டு 50 ஹெர்ட்ஸ் என்பதால் 500 ஹெர்ட்ஸ் ஒலி பத்துக் கிடைப் பட்டை. 50-ஐ ஒட்டிய ஒலி ஒரே பட்டை. 15,625 ஹெர்ட்ஸ் கொடுத்தால் ஒரு செங்குத்துப் பட்டை, 15,675 என்றால் அதே பட்டை சாய்வாக. 96 கிலோஹெர்ட்ஸில் ஓடும் சவுண்ட் கார்டு என்றால் 31,250 வரை போய் இரண்டு செங்குத்துப் பட்டை எடுக்கலாம். பட்டை மெல்ல நகர்ந்தால் கேமராவின் கிரிஸ்டலும் சவுண்ட் கார்டும் ஒத்துப்போகவில்லை. ஹெர்ட்ஸின் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒலியைத் திருத்தி நிறுத்தலாம். இந்த உயர் ஒலிகளை மேடை ஸ்பீக்கருக்கு அனுப்பாதீர்கள், ட்வீட்டர் கருகும்.

இசையோடு சரியாக ஒட்டிநிற்கும் பட்டை வேண்டுமென்றால் எல்எம்1881 சிங்க் பிரிப்பான் சிப் ஒன்று கட்டுங்கள். 2-ஆம் காலுக்கு 0.1 மைக்ரோஃபாரட் வழியாக வீடியோ. 6-ஆம் காலில் 680 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபாரட்டும் இணையாகத் தரைக்கு. 8-இல் 5 வோல்ட், 4 தரை. 1-ஆம் காலில் முழு சிங்க், 3-ஆம் காலில் வெர்ட்டிகல் பல்ஸ் கிடைக்கும். 3-ஐ அனலாக் சிந்தசைசரின் ஆஸிலேட்டர் சிங்க் இன்புட்டுக்குக் கொடுத்தால் பட்டை அசையாது.

கோடு625
இது போதும்போல. இருந்தாலும் யோக் கேள்வி நிற்கிறது.

படக்குழல்
சொல்கிறேன்.

கலர் டியூபின் ஆனோடில் (ரப்பர் தொப்பிக்கு அடியில் உள்ள உயர் வோல்ட் முனையில்) 20 முதல் 27 கிலோவோல்ட். டியூபே ஒரு கெபாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் இருக்கும். பவர் பக்கத்தில் 230 வோல்ட் ஏசி நேராக்கப்பட்டு 325 வோல்ட் வரை பெரிய கெபாசிட்டரில் நிற்கும். ஆளைக் கொல்வதில் பெரும்பாலும் இரண்டாவதுதான் முந்தும். பிளக் எடுத்த பிறகு, 2.2 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரை நன்றாக இன்சுலேட் செய்த முனைகளோடு அந்தக் கெபாசிட்டரில் பத்து விநாடி வைத்து, மீட்டரில் அளந்து பாருங்கள். ஆனோடுக்கு, இன்சுலேட்டட் ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் ஒரு கம்பியைக் கட்டி, மறுமுனையை டியூபின் பின்புறக் கறுப்புப் பூச்சின்மேல் ஓடும் பின்னல் கம்பியில் கிளிப் போட்டு, பிறகே ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழையுங்கள். சேசிஸில் வேறெங்காவது கிளிப் போட்டால் ஐசிகள் போகும். சில நிமிடம் கழித்து மறுபடி செய்யுங்கள். கண்ணாடியில் தங்கிய சார்ஜ் திரும்பி வரும். ஒரு கை பின்னால். தனியாக இருக்கும்போது செய்யவே வேண்டாம். ஏவி இன்புட் இல்லாத பல பழைய டிவிகளில் சேசிஸே மெயின்ஸோடு இணைந்திருக்கும். அவற்றில் வெளிக் கருவி எதையும் இணைக்கக் கூடாது.

இப்போது யோக். ஹாரிசான்டல் சுருளை ஒருபோதும் கழற்றாதீர்கள். அவுட்புட் டிரான்சிஸ்டரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரும் அந்தச் சுருளோடு சேர்த்தே டியூன் ஆகியிருக்கின்றன. அது இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் வெடிக்கும். வெர்ட்டிகல் சுருளைக் கழற்றி ஆடியோ ஆம்ப்ளிஃபயரில் இணைக்கலாம், ஆனால் இசை நிற்கும் கணத்தில் திரை நடுவே ஒரே பளீர் கோடு நிற்கும். பிரைட்னஸ் குறையாவிட்டால் பாஸ்பர் கருகித் தழும்பாகிவிடும். இரண்டையும்விடப் பாதுகாப்பானது, வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் தன் வாபுலேட்டரில் கையாண்ட அதே யோசனை: டிவியின் யோக் அப்படியே இருக்க, கழுத்தில் கூடுதல் சுருள் மாட்டி அதை மட்டும் ஆடியோவால் ஓட்டுவது. ராஸ்டர் (திரையை நிரப்பும் வரிகள்) நிற்காது, அதன்மேல் அலை ஏறும்.

நிழல்கம்பி
இதோடு ஒன்று. பைக்கின் 1965 'மேக்னட் டிவி'யைப் பார்த்துவிட்டுக் கலர் டிவியில் காந்தம் வைப்பவர்கள் உண்டு. கறுப்பு வெள்ளை டியூபில் தயங்காமல் வைக்கலாம். காந்தத்தை எடுத்தால் படம் திரும்பிவிடும். கலர் டியூபில் உள்ளே ஷேடோ மாஸ்க் இரும்புத் தகடு காந்தமேறி, நிறத்திட்டு நின்றுவிடும். டிகாஸ் (காந்தம் நீக்கும்) சுருளை முகத்துக்கு முன் வட்டமாகச் சுழற்றி, மெல்ல இரண்டு மீட்டர் விலகிய பிறகே சுவிட்சை அணைத்தால் சரியாகும். நியோடிமியம் போன்ற வலுவான காந்தம் மாஸ்க்கையே நெளித்துவிட்டால் எதனாலும் திரும்பாது.

வாபுலேட்டருக்கும் சரி, முதல் பரிசோதனைக்கும் சரி, 5 அங்குலக் கறுப்பு வெள்ளை 12 வோல்ட் டிவியைத் தேர்ந்தெடுங்கள். அடாப்டரில் ஓடுவதால் உள்ளே மெயின்ஸ் பக்கமே கிடையாது. ஆனோடு மட்டும் இன்னும் பல கிலோவோல்ட்தான், அந்த விதிகள் அப்படியே பொருந்தும்.

கோடு625
தெளிவாகிவிட்டது. யோக்கை விட்டுவிட்டு ஆடியோவை வீடியோ கம்பியிலேயே ஏற்றுகிறேன். இன்னும் இரண்டு தொல்லை: விஎச்எஸ் ஓடும்போது மேல்பக்கம் கொடிபோல் வளைகிறது, லேப்டாப்பை ஆடியோவுக்கு இணைத்ததும் படத்தில் அகலமான இருண்ட பட்டை.

அலைவரி
பட்டைக்குக் காரணம் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து உண்டாகும் சுற்று. பாலில் 50-ம் மெயின்ஸ் 50-ம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அது நின்றே இருக்கும் அல்லது மிக மெல்ல ஊரும். எல்லாக் கருவிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இணைத்துப் பாருங்கள். போகாவிட்டால் லேப்டாப்புக்கும் வீடியோ கம்பிக்கும் இடையே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பிளக்கின் எர்த் காலை உடைக்கும் 'வைத்தியம்' எங்கும் எழுதப்பட்டிருக்கும், செய்யாதீர்கள்.

படக்குழல்
விஎச்எஸ் வளைவு டேப்பின் நேரத் தடுமாற்றம். ஹெட் மாறும் இடத்தில் வரி நேரம் குதிக்கிறது. எம்எக்ஸ்50 சிங்க்ரோனைசர் ஃப்ரேமைச் சரிசெய்யும், வரிக்கு வரி ஆட்டத்தை முழுதும் சரிசெய்யாது. பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர் கிடைத்தால் பிளேயருக்கும் மிக்சருக்கும் நடுவே வெறும் வழியாக வையுங்கள், ரெக்கார்டு செய்ய வேண்டாம். உள்ளே வரி அளவிலான திருத்தம் நடக்கிறது. பால் மாடலா என்று பார்த்து வாங்குங்கள்.

அதற்கு முன் ஹெட்டைத் துடையுங்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சாமாய் தோலையோ வெள்ளைத் தாளையோ டிரம்மின் மேல் அசையாமல் வைத்து, மேல்பக்கத்திலிருந்து டிரம்மைக் கையால் சுழற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடையும். பட்ஸ் வேண்டாம், பஞ்சு நூல் சிக்கும்.

ஓம்_விதி
அந்தக் காலத்து மிக்சரிலும் கேமராவிலும் இருக்கும் சின்ன எஸ்எம்டி (போர்டின் மேலேயே ஒட்டும்) எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் கசியும். திறந்தவுடன் மீன் வாடை, ஈயம் மங்கல், கால்களைச் சுற்றிப் பச்சை. நிறம் ஆட்டம் காண்பதும், சூடேறிய பிறகு மட்டும் சரியாவதும் முதல் அறிகுறி. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது மேலான வோல்ட், 105 டிகிரி ரகம். முறுக்கிப் பிடுங்கினால் பேட் உரிந்து வரும். இரு பக்கமும் சூடாக்கி எடுங்கள், அடியில் ஆல்கஹாலால் கழுவிய பிறகே புதியதை வையுங்கள். கசிந்த நீர் உள்ளே இருந்தால் புதிய கெபாசிட்டர் வைத்தும் தடம் அரித்துக்கொண்டே இருக்கும்.

கோடு625
கடைசியாக: பெட்டி மேடையில் போய்விட்டால்?

நிழல்கம்பி
இரண்டு பாதை ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கட்டும். மிக்சர் அவுட் பெட்டி வழியாகப் புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ 1-க்கு. டிவியைப் பார்க்கும் கேமரா எச்டிஎம்ஐ 2-க்கு. ரிமோட்டில் சோர்ஸ் மாற்ற சில விநாடி ஆகும், அந்த இடைவெளி கறுப்பாகத் தெரியும். சிறிய எச்டிஎம்ஐ மிக்சர் நடுவில் இருந்தால் அதுவும் தெரியாது. புரொஜெக்டரின் மெனுவில் 'சிக்னல் இல்லை' என்றால் வரும் நிறத்தை நீலத்திலிருந்து கறுப்புக்கு மாற்றிவிடுங்கள். பெட்டிக்கு 5 வோல்ட்டைத் தனி அடாப்டரிலிருந்து கொடுங்கள், புரொஜெக்டரின் யுஎஸ்பியிலிருந்து வேண்டாம். பலவற்றில் அது 0.5 ஆம்பியருக்கு மேல் தராது, பெட்டி சூடானதும் படம் விட்டுவிட்டு வரும்.

கோடு625
470 ஓம் பாட்டோடு தொடங்கி, பஃபர் வந்ததும் 1 கிலோவுக்கு மாறுகிறேன். பஃபர் போர்டின் லேஅவுட் வரைந்ததும் இங்கே போடுகிறேன். ஓம்_விதி, 75 ஓம் ரெசிஸ்டர்களுக்கு 1 சதவீத ரகம் அவசியமா, 5 சதவீதம் போதுமா?

ஓம்_விதி
1 சதவீத மெட்டல் ஃபிலிமே வையுங்கள். 5 சதவீதத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் 75 என்ற மதிப்பு அந்த வரிசையிலும் கிடைக்கும் என்பதால் கலந்து வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லேஅவுட்டில் நடுக்காலிலிருந்து சிப் வரை தடம் 2 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பாட் முன் பேனலில் தள்ளி இருக்கிறது என்றால் போர்டையே பாட்டின் காலில் ஈயம் வைத்து நிறுத்துங்கள். நீளக் கம்பி இழுத்தால் பக்கத்துச் சேனலின் நிறம் கசியும்.